நடு ரூம்

இல்லம்மா, அது ஃபேன் ஸ்விட்ச்சு. அதுக்குப் பக்கத்துல இருக்கறது எதுக்குன்னு எனக்கே தெரியாது. நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து இருக்கு, தொட்டா ஏதாவது ஆயிருமோன்னு யாரும் தொடறதில்ல. கம்ப்யூட்டருக்கு உண்டானது கீழ இருக்கு பாருங்க, மேஜைக்கு அடியில, என் கால்கிட்ட. ஆங், அதேதான். இருங்க, கால எடுத்துக்கறேன். முதல்ல வந்தவருக்கு அதுலதான் தகராறு. பாவம், எண்பது பர்சென்ட் வரைக்கும் ஏத்திட்டாரு, என் கால் பட்டு ஸ்விட்ச்சு அணைஞ்சு போச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு. மறுபடியும் என் கால். கொஞ்சம் நீளமான காலும்மா எனக்கு. எங்க வீட்டுக்காரி சொல்லுவா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க காலு வீட்டுக்கு வந்துருதுன்னு.

ஆமா, நீங்க மூணாவது ஆளு. ரெண்டாவது ஒருத்தர் வந்தாரே, அவரு வாயே தொறக்க மாட்டாரு. திடீர்னு திரும்பி, முப்பத்திரெண்டா அறுபத்திநாலான்னாரு. வயசக் கேக்கறாருன்னு நெனச்சு அம்பத்தாறுன்னேன். ஒரு சிரிப்புக்கூட இல்லம்மா அந்த மனுஷன்கிட்ட. அப்புறந்தான் வெளங்குச்சு, கம்ப்யூட்டர் எத்தன பிட்டுன்னு கேட்டிருக்காரு. இது அறுபத்திநாலாம், அவரு கொண்டு வந்தது முப்பத்திரெண்டாம், ரெண்டும் ஒத்துப்போகாதாம். சரின்னு மறுநாள் வேற கொண்டு வந்து போட்டாரு. அது பாதியில பாஸ்வேர்டு கேட்டுச்சு. நான்தான் அடிச்சேன். தப்புன்னுச்சு. திரும்ப அடிச்சேன். தப்புன்னுச்சு. அஞ்சாவது தடவ தானாப் பூட்டிக்கிச்சு. பையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவருதான். போறப்ப என்ன ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, இன்னும் முதுகு கூசுது.

நீங்க அப்படி இல்ல. வந்ததும் தண்ணி கேட்டீங்க. தண்ணி கேக்கறவங்க நல்லவங்க.

சரி, நீங்க அத ஓட விடுங்க, நான் இந்த எடத்தோட அமைப்பச் சொல்லிடறேன், உங்களுக்கும் உதவும். முன்னாடி நீங்க பாத்தது கண்ணாடிக் கடை. அங்க கல்லாப் பக்கம் ஒருத்தரு முறைச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாருல்ல? அவருதான் பெரியண்ணன். முறைக்கலம்மா, மூஞ்சியே அப்படி. பின்னாடி பட்டறை, லென்ஸ் தேய்க்கிற எடம். உர்ருன்னு ஒரு சத்தம் கேக்குது பாருங்க, அங்க இருக்கறவரு சின்னண்ணன். கூடப்பொறந்தவங்க. ரெண்டு பேருமே எனக்கு முதலாளி. நடுவுல இந்த ரூமு, இந்த ரூமுக்கு நடுவுல நான். கடையிலேர்ந்து பட்டறைக்குப் போகணும்னா என் நாற்காலியத் தாண்டித்தான் போகணும், வேற வழி கெடையாது. ஆனா நாற்காலிய நான் நகத்த வேண்டிய அவசியமே வர்றதில்ல. சின்னண்ணன் பின்தெரு வழியா வந்து பின்தெரு வழியாவே போயிருவாரு. ரெண்டு பேரும் பேசி பதினோரு வருஷம் ஆச்சு.

சேச்சே, சண்டையெல்லாம் இல்ல. சண்ட போடணும்னாலும் பேசணும்ல?

அதான் சொல்ல வர்றேன். பெரியண்ணன் முன்னாடி அவரு கம்ப்யூட்டர்ல ஆர்டர ஏத்துவாரு. வலது கண்ணுக்கு இவ்வளவு பவரு, இடது கண்ணுக்கு இவ்வளவு, இந்த ஃப்ரேம், இன்னிக்கு வேணும். அது பழைய சாஃப்ட்வேர். பின்னாடி இருக்கறது புது மெஷினு, அதுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதுல ஒரு டேட்டாபேஸ். இது பேசறது அதுக்குப் புரியாது, அது கேக்கறது இதுக்குப் புரியாது. அதனால நான் இங்க ஒக்காந்து, பெரியண்ணன் ஏத்துனத இந்த ஸ்க்ரீன்ல பாத்து, ஒரு சீட்டுல எழுதி, எந்திரிச்சுப் போயி சின்னண்ணன் கையில குடுப்பேன். அவரு அதப் பாத்து அவரு மெஷின்ல தட்டிக்குவாரு. அவரு ஏதாவது சொன்னா அதக் கொண்டுவந்து இவருகிட்ட சொல்லுவேன்.

என்னது? நான்தான் கேட்வேயா?

அட, இத இத்தன நாள் ஒருத்தரும் சொல்லலையே. ரெண்டு பேரு வந்தாங்க, ரெண்டு பேரும் கேட்வே கேட்வேன்னாங்க, நான் என்னமோ வாசக்கதவு மாத்தப் போறாங்கன்னு நெனச்சேன். அப்ப நீங்க என்னக் கழட்டிட்டு அந்த எடத்துல இந்தக் கட்டவிரல் அளவு சாமான மாட்ட வந்திருக்கீங்க. பரவால்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க. வேலை எங்கயும் போகல எனக்கு. பெரியண்ணன் சொல்லிட்டாரு, முன்னாடி வந்து ஒக்காந்து ஃப்ரேம் தொடைன்னு.

ம்? ஏன் நின்னுருச்சு? ஃபோல்டர் பேரா? புதுசு இடம் விட்டு ரெண்டு. ஆமா, அது பெரியண்ணன் வச்ச பேரு. நடுவுல எடம் விட்டா அதுக்குப் புடிக்காதா? நல்ல சாஃப்ட்வேருதான். இந்தக் கட்டடத்துலயே எல்லாம் நடுவுல எடம் விட்டுத்தான் இருக்கு. நீங்க சேத்தே எழுதிருங்க.

ஓடுது, ஓடுது. நல்லாத்தான் ஓடுது.

இது எதுக்கும்மா வரிசையாக் கட்டம் கட்டமா வருது? ஓ, எதெதெல்லாம் அந்தப் பக்கம் போகணும்னு கேக்குதா? பவரு போகணும். ஃப்ரேம் நம்பரு போகணும். தேதி போகணும். கடைசிக் கட்டமா? அது குறிப்பு. அது வேணாம்மா. சும்மா ஒரு கட்டம், ஒண்ணும் இருக்காது அதுல. அது இல்லாம முடியாதா? அவசரம், ரெண்டு நாள்னெல்லாம் அதுலதான் எழுதறாரா? ஆமா, எழுதறாரு. அவசரம்னும் எழுதுவாரு. அதுகூட வேற சிலதும் எழுதுவாரு.

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது, ஸ்க்ரீன்ல நீங்களே பாத்துருவீங்க. பெரியண்ணன் நேர்ல பேசறதில்லையே தவிர, அந்தக் குறிப்புக் கட்டத்துல பேசுவாரும்மா. அதுவும் தமிழ்ல அடிக்கக் கத்துக்கிட்டதுலேர்ந்து கேக்கவே வேணாம். இந்தா பாருங்க, போன மாசத்துது. இந்தத் தடவையாவது ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுத் தேய்க்கச் சொல்லு. இது அதுக்கு முந்துனது. போன லென்ஸு ஃப்ரேமுக்குள்ள ஆடுது, அவன மாதிரியே. அவருக்கு மூக்கு மேல கோவம்மா. கண்ணாடி விக்கிறவரு, ஆனா அவரு மூக்குல கண்ணாடிக்கு எடமே இல்ல, முழுக்கக் கோவந்தான்.

அத அப்படியே சீட்டுல எழுதிக் குடுத்தா என்னாகும்? அதான் நான் கொஞ்சம் பக்குவமா எழுதுவேன். ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுன்னு இருந்தா, அவசரமில்ல, நிதானமாப் பண்ணுங்கன்னு அண்ணன் சொன்னாரு. லென்ஸு ஆடுதுன்னா, ஃப்ரேமு ஒரு நூல் பெருசு போல, அண்ணன் வருத்தப்பட்டாரு. சின்னண்ணன் மட்டும் லேசுப்பட்டவரா? அந்த ஆளுக்கு ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா தெரியாதான்னு கேளும்பாரு. நான் இந்தப் பக்கம் வந்து, அண்ணே, தம்பி கேக்கறாரு, அது ஆறா எட்டா, எழுத்து கொஞ்சம் மங்கலாத் தெரியுதாம்னுவேன். உடனே பெரியண்ணன் அவனுக்கே கண்ணு மங்குதா, ஒரு டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுன்னு அக்கறையாச் சொல்லுவாரு. இப்படித்தாம்மா ஓடுது. வீட்லயும் இதே பழக்கமாப் போச்சு எனக்கு. சமையல் எப்படி இருக்குன்னு கேட்டா, எங்க வீட்டுக்காரி முன்கூட்டியே சொல்லிருவா, பட்டறைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க, அசலச் சொல்லுங்கன்னு.

இதுவும் அப்படி மாத்துமா? எத மாத்தும்? தேதி எழுதற முறைய மாத்துமா, சரி. எண்ணோட வகைய மாத்துமா, சரி. நீளமா இருந்தா வெட்டுமா? அப்பாடா, திட்டு பாதியில நின்னுரும்ல? ஓ, அவ்வளவு நீளமானதத்தான் வெட்டுமா. அர்த்தத்த மாத்தவே மாத்தாதா? அப்ப அது என்னம்மா கேட்வே.

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன். ஆனா இப்ப யோசிச்சுப் பாருங்க. நீங்க இத மாட்டிட்டுப் போயிருவீங்க. சின்னண்ணன் மெஷினத் தொறந்தா பதினோரு வருஷத் திட்டும் ஒண்ணுவிடாம வரிசையா வந்து நிக்கும். அண்ணன் வருத்தப்பட்டாரு, அண்ணன் விசாரிச்சாருன்னு நான் கட்டிவச்ச அண்ணன் ஒருத்தரு இருக்காரே, அவரு ஒரே நிமிஷத்துல காணாமப் போயிருவாரு.

அது மட்டும் இல்ல. எதுக்கு இப்ப திடீர்னு இந்தக் கேட்வேன்னு நீங்க கேக்கவே இல்லையே. சின்னண்ணன் பட்டறைய மாத்தறாரு. அடுத்த வாரம். ஊருக்கு அந்தக் கோடியில, பஸ்ஸு ரெண்டு மாறிப் போகணும். இது போட்டுட்டா ஆர்டரு தானா அங்க போயிரும், லென்ஸ வண்டியில அனுப்பிருவாங்க. இந்தச் சீட்டு வேணாம், இந்த ரூமு வேணாம். இப்பவாவது நடுவுல இந்த ஒரு ரூமுதான். ஒருத்தரு இருமுனா இன்னொருத்தருக்குக் கேக்கும். பெரியண்ணன் ரெண்டு நாள் கடைக்கு வரலன்னா, சின்னண்ணன் மெஷினத் தொடச்சுக்கிட்டே, என்ன, முன்னாடி சத்தத்தையே காணோம்பாரு. பதில் வர்ற வரைக்கும் ஒரே எடத்தத் தொடச்சுக்கிட்டு இருப்பாரு. அவரு அந்தக் கோடிக்குப் போயிட்டா யாரு யாருகிட்ட கேக்கறது? அதோட முடிஞ்சுதும்மா ரெண்டு பேருக்கும்.

ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆர்டரு வந்துச்சு. சின்னப் புள்ளைக்கு, முதல் கண்ணாடி. குறிப்புக் கட்டத்துல ஒண்ணுமே இல்ல, ஒரு திட்டுக்கூட. எனக்கே சந்தேகம். எட்டிப் பாத்தா பெரியண்ணனோட மகளும் அவ புள்ளையும் கடையில நிக்கிறாங்க. நான் சீட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன், யாருக்குன்னு சொல்லல. சின்னண்ணன் தேச்சு முடிச்சு, வெரலால ஓரத்தத் தடவிப் பாத்துட்டு, சின்ன மூஞ்சி போலருக்கு, யாரு புள்ளன்னாரு. சொன்னேன். கையில முடிஞ்சு இருந்த லென்ஸத் திரும்ப எடுத்து, ஓரத்த இன்னொரு தடவ தேச்சாரு. அப்புறம் இன்னொரு தடவ. பஞ்சுல தேச்ச மாதிரி ஆயிருச்சு அந்த ஓரம். அந்தப் புள்ளைய அவரு இன்னும் கண்ணால பாத்ததில்ல. அதுக்கு ஒம்பது வயசாவுது.

ம்? பாஸ்வேர்டா?

அதான பாத்தேன், கேக்கலையேன்னு. நகருங்கம்மா, நான் அடிக்கிறேன். வாயால சொன்னா நல்லாருக்காது. ம்... ம்... தப்புங்குதா? பாத்தீங்களா, இதுக்கு நம்மளக் கண்டாலே ஆகாது. மறுபடி போடறேன். என்ன லைட்டு? கீபோர்டுல ஒரு லைட்டா? எரியுதா? அது எரிஞ்சா எல்லாம் பெரிய எழுத்தாப் போயிருமா. அப்படியா. இத்தன நாளாத் தெரியாமப் போச்சு பாருங்க.

உங்களுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைம்மா. எங்க கடைக்கு நீங்க பிரயோஜனப்பட மாட்டீங்க.

சரி, நீங்களே அடிங்க. பம்பரம். இங்கிலீஷ் எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்து, கடைசியில ஒண்ணு. சின்னண்ணனோட பட்டப்பேரு அது, சின்ன வயசுல ஒரு எடத்துல நிக்க மாட்டாராம், பெரியண்ணன் வச்சது. இந்த சாஃப்ட்வேரு வாங்குனப்ப போட்ட பாஸ்வேர்டு. நடுவுல ஒரு தடவ, அண்ணே இத மாத்திருவமான்னு கேட்டேன். எதுக்குய்யா, வேற வச்சா மறந்துருவேன்னாரு. தெனம் காலையில கடையத் தொறந்ததும் அதத்தான் முதல்ல அடிக்கிறாரு. அடிச்சு முடிச்சுட்டு உள்ள போயி அதே ஆளத் திட்டி எழுதறாரு.

வாங்கிக்கிச்சா? வாங்கிக்கிச்சு. இதுவரைக்கும் யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லம்மா.

இது என்ன, லிஸனர் ஸ்டார்ட்டடுன்னு வருது? கேக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்கா உள்ள? யாராவது கூப்புடறாங்களான்னு காதத் தீட்டிக்கிட்டே ஒக்காந்திருக்கும், கூப்புட்டா கதவத் தொறந்து விடும். பதிலுக்குப் பேசாது. உங்கள மாதிரின்னு சொல்லுங்க. வந்ததுலேர்ந்து நான்தான் லொடலொடன்னு பேசிக்கிட்டிருக்கேன், நீங்க ம் ம்னுகிட்டு எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டீங்க.

டெஸ்ட்டா? ஏதாவது ஒரு ஆர்டரு நம்பரு போடுங்க. அந்த முதல்ல காட்டுனேனே, அதையே போடுங்க. வருதா. பவரு வந்துருச்சு. தேதி சரி. குறிப்புல என்னம்மா இது, ஒரே கேள்விக்குறியா நிக்குது? தமிழ் எழுத்து அந்தப் பக்கம் தெரியலையா? எல்லாமே கேள்விக்குறியாத்தான் போகுமா?

அம்மாடி. கடவுள் இருக்காரும்மா.

வேணாம், வேணாம், சரி பண்ணாதீங்க! இப்படியே விட்டுருங்க. அவசரம்னா இங்கிலீஷ்ல எழுதச் சொல்லிக்கறேன் நான். பதினோரு வருஷமும் கேள்விக்குறியாவே இருந்துட்டுப் போகட்டும். சின்னண்ணன் பாத்தா, என்ன, உங்க முதலாளி என்ன இவ்வளவு கேள்வி கேக்கறாருன்னு கேப்பாரு, நலம் விசாரிக்கிறாருன்னு சொல்லிக்கறேன். ரிப்போர்ட்டுல எழுதணுமா? அத நான் உங்க ஆபீசுல பேசிக்கறேன்மா, ஒரு செட்டிங்குதான, மாத்தலன்னா யாருக்குத் தெரியப்போகுது.

இருங்க, ஃபோன் அடிக்குது. பெரியண்ணன், முன்னாடிலேர்ந்து.

சொல்லுங்கண்ணே. இல்லண்ணே, முடிஞ்ச மாதிரிதான். ஆமா, எழுத்து மட்டும் கொஞ்சம். ம். ம். எதுண்ணே? புது எடமா? மாடியிலதான், ஆமா. தெரியலண்ணே. எத்தன படின்னு நான் எண்ணலண்ணே. ம். ம். சரிண்ணே. இல்லண்ணே, சொல்லல.

சொல்லல.

ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் அந்தத் தண்ணிய இப்படிக் குடுங்க.

எத்தன படின்னு கேக்கறாரும்மா. அந்தப் புது எடத்துக்கு ஏறிப்போக எத்தன படின்னு. சின்னண்ணனுக்கு எடது முட்டி சரியில்ல. சின்ன வயசுல பெரியண்ணன் சைக்கிள்ல பின்னாடி வச்சு ஓட்டிக்கிட்டுப் போனப்ப விழுந்ததாம். நான் கீழ போட்ட முட்டிய்யா அது, அவன் தெனம் எப்படி ஏறுவாங்கறாரு. சொல்லிட்டு, நான் கேட்டேன்னு சொல்லாதன்னு வச்சுட்டாரு.

பதினோரு வருஷமா நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் சக்கரை போட்டுப் போட்டுக் கொண்டுபோனேன். போடாமலே இனிப்பா வந்தது இது ஒண்ணுதாம்மா. இதச் சொல்லாதன்னுட்டாரு.

ஏம்மா, போன தடவ வந்தவரு ஏதோ ஒரு ஃபைலத் தொறந்து வச்சு ரெண்டு மணி நேரம் மண்டையப் பிச்சுக்கிட்டாரு. கடைசியில பாத்தா ஒரே ஒரு எழுத்து தப்பு. ஒரு எழுத்துக்கு எல்லாமே நின்னுபோயிருமான்னு நான் கேட்டேன். நின்னுரும்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

என் கால் தெரியாமப் படலம்மா. அந்த லைட்டும் எனக்குத் தெரியும், நான்தான் போட்டுவிட்டேன். இது மட்டும் முடியாமப் போயிட்டா பட்டறை எங்கயும் போகாதுல்ல, அதுக்குத்தான். நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க, சொல்லல. நல்ல பொண்ணு.

அது இல்ல, அதுக்கும் பின்னாடி ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரிகிட்டகூட இதச் சொன்னதில்ல. பெரியண்ணன் மகளுக்குக் கல்யாணம், ஜூன் பன்னெண்டு. அதுக்கு முன்னாடி ஒரு வாரமா சின்னண்ணன் மண்டபத்துக்கு நாலு தடவ போயி, நாற்காலிய இப்படிப் போடு, லைட்ட அப்படிக் கட்டுன்னு ஒரே அதிகாரம். பெரியண்ணன் இங்க வந்து பல்லக் கடிச்சுக்கிட்டிருந்தாரு. கல்யாணத்தன்னிக்குக் காலையில சின்னண்ணன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு பட்டறைக்கு வந்தாரு, ஒரு அவசர லென்ஸ முடிச்சுட்டு அப்படியே மண்டபத்துக்குப் போறதா. பழைய மெஷினு அப்ப, இதவிடப் பத்து மடங்கு சத்தம். அண்ணனுக்கு ஃபோன் போட்டு, வர்றப்ப என்ன கொண்டு வரணும்னு கேளுன்னாரு. கேட்டேன். ஒண்ணும் வேணாம், அவன் வந்தா போதும்னு சொல்லுன்னாரு பெரியண்ணன். வந்தா போதும். என் காதுல விழுந்தது, வந்தது போதும்.

ஒரே ஒரு தடவதாம்மா, என் ஆயுசுல, காதுல விழுந்தத கூட்டாமக் குறைக்காம அப்படியே கொண்டுபோய்ச் சொன்னது. அண்ணே, ஒண்ணும் வேணாமாம், நீங்க வந்தது போதுமாம்.

சின்னண்ணன் மெஷின நிறுத்துனாரு. திரும்ப மெஷினப் போட்டாரு. சாயங்காலம் வரைக்கும் அந்தப் புதுச் சட்டையோட ஒக்காந்து லென்ஸு தேச்சாராம், யாருக்கும் இல்லாத லென்ஸு. நான் மண்டபத்துக்குப் போனேன். அவன் எங்கன்னாரு பெரியண்ணன். வேலை இருக்காம்ணேன்னேன். சக்கரை போட ஆரம்பிச்சது அன்னிக்குத்தான். அவரு மொகம் செத்துப்போச்சு. வந்தா போதும்னுதானேய்யா சொன்னேன், அதுகூட முடியலையா அவனுக்குன்னாரு. அப்பத்தாம்மா எனக்கு வெளங்குச்சு. அந்த எடத்துலயே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அப்படியே பதினோரு வருஷம். ஒரு து. ஒரே ஒரு து, நான் எச்சாப் போட்டது.

வருஷா வருஷம் ஜூன் பன்னெண்டாந் தேதி முதல் ஆர்டர்ல, குறிப்புக் கட்டத்துல, பெரியண்ணன் அதே வரிய அடிப்பாரு. வந்தா போதும்னுதானே சொன்னேன். வேற ஒண்ணும் இருக்காது. நான் அத மட்டும் சீட்டுல ஏத்தவே மாட்டேன். தம்பிக்கிட்ட போகுது, அவன்தான் பதில் சொல்ல மாட்டேங்கறான்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. இந்தப் பக்கம் சின்னண்ணன், ஒரு எட்டு முன்னாடி போய்ப் பாருங்கண்ணேன்னா, வந்தது போதும்னு சொன்னவருகிட்ட எதுக்குய்யாங்கறாரு. ரெண்டு பாதியும் எங்கிட்டத்தான் இருக்கு.

அந்த எழுத்து செட்டிங்கு, அத மாத்துங்கம்மா. ஆமா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். திட்டும் போகட்டும், எல்லாம் போகட்டும். அவங்க அண்ணன் திட்டு அவருக்கு என்ன புதுசா. எழுத்து எழுத்தாத் தெளிவாத் தெரியணும்.

ரீஸ்டார்ட் பண்ணணுமா, பண்ணுங்க. கால நாற்காலி மேலயே தூக்கி வச்சுக்கறேன், நீங்க பயப்படாதீங்க.

இப்ப டெஸ்ட்டுக்கு ஜூன் பன்னெண்டு போடுங்க. எந்த வருஷம்னாலும் சரி. எல்லா வருஷமும் வரிசையா வருமா? அப்ப எல்லாத்தையும் போடுங்க.

வந்துருச்சு. தா. நல்லா, பளிச்சுன்னு இருக்கும்மா அந்தத் தா. இது இப்பவே அந்தப் பக்கமும் தெரியுதா? இதே நேரத்துல? அவரு மெஷினு முன்னாடி?

சத்தம் நின்னுருச்சு, கேட்டீங்களா? தேய்க்கறப்ப நடுவுல நிறுத்தவே மாட்டாரும்மா அவரு, லென்ஸு பாழாயிரும்.

செருப்பு மாட்டற சத்தம். பின்கதவு இல்ல, இந்தப் பக்கந்தான் வர்றாரு. கொஞ்சம் எந்திரிங்கம்மா, இந்த நாற்காலிய ஒரு கை புடிங்க, சுவரோரமாப் போட்டுருவோம். என்ன நாலு அறை அறைஞ்சுட்டுத்தான் தாண்டிப் போவாரு. பரவால்ல. போனா போதும்.